பால் பேரிங் டர்போவுக்குத் தண்ணீர் லைன் கட்டாயமா?

இரண்டுலிட்டர்_பெட்ரோல்

2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. இதுவரை இருந்தது சாதாரண புஷ் பேரிங் (பந்து இல்லாத உலோக வளையம்) டர்போ. ஆயில் லைன் மட்டும்தான், தண்ணீர் கிடையாது. அதை எடுத்துவிட்டு கேரட் ஜிடிஎக்ஸ்2867ஆர் என்ற பால் பேரிங் டர்போ போடுகிறேன். இதன் நடு ஹவுசிங்கில் (பேரிங் இருக்கும் நடுக்கூடு) எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு தண்ணீர் போர்ட் இருக்கிறது. ஒரு போர்ட் இன்ஜின் பிளாக்கைப் பார்த்தபடி இருப்பதால் அங்கே லைன் இழுப்பது பெரும்பாடு.

பால் பேரிங்கில் உராய்வு குறைவு, அதனால் சூடும் குறைவு, இரண்டு போர்ட்டையும் அடைத்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கூடவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். பழைய டர்போ தண்ணீர் இல்லாமலே ஓடியதே, இதற்கு மட்டும் ஏன்? டர்போ டைமர் (சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிடும் கருவி) வைத்து இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதாதா? ஊற்றுவது முழு சிந்தெடிக் ஆயில். இன்ஜின் சூடான பிறகு 6000 ஆர்பிஎம்மில் ஆயில் பிரஷர் 4.5 பார்.

நடுஹவுசிங்

போர்ட் இருந்தால் லைன் இழுங்கள். அடைக்காதீர்கள்.

நடு ஹவுசிங் சூடாவதற்கு பேரிங் உராய்வு முக்கியக் காரணம் அல்ல. பெட்ரோல் இன்ஜினில் முழு லோடில் டர்பைனுக்குள் வரும் புகை 900 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு டர்பைன் ஹவுசிங் வழியாகவும் ஷாஃப்ட் வழியாகவும் உள்ளே ஏறுகிறது. உள்ளே இருப்பது புஷ்ஷா பந்தா என்று அது பார்ப்பதில்லை.

ஏறும் சூட்டை இன்ஜின் ஓடும்வரை ஆயில் அள்ளிக்கொண்டு போகும். இரண்டு வகைக்கும் வித்தியாசம் வருவது இந்த இடத்தில்தான். புஷ் பேரிங்கில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் நிற்க ஆயில் தாராளமாக ஓட வேண்டும், ஓடும் ஆயில் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சம்ப்புக்குப் போய்விடும். பால் பேரிங் கார்ட்ரிட்ஜுக்கு (பந்துகளும் ஓடுபாதையும் சேர்ந்த தொகுதி) அவ்வளவு ஆயில் வேண்டாம். அதிகம் விட்டால் பந்துகள் அதைக் கடைந்து வீணாகச் சூடேற்றும், சீலைத் தாண்டியும் கசியும். அதனால்தான் ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வழியைக் குறுக்கும் சிறு துளை) போட்டு அளவைக் குறைக்கிறோம். ஆயில் குறைந்தால் அது எடுத்துச் செல்லும் சூடும் குறையும். உங்கள் பழைய டர்போ தண்ணீர் இல்லாமல் ஓடியதற்குக் காரணமே அந்தத் தாராளமான ஆயில்தான். புது டர்போவில் அது இருக்காது.

ஆனால் தண்ணீரின் முக்கிய வேலை ஓடும்போது இல்லை, இன்ஜினை அணைத்த பிறகு. அணைத்ததும் ஆயில் பம்ப் நின்றுவிடும், மேனிஃபோல்டும் டர்பைன் ஹவுசிங்கும் இன்னும் தகித்துக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 கிலோ வார்ப்பிரும்பு 700 டிகிரியிலிருந்து 200க்கு இறங்க ஏறத்தாழ 1,400 கிலோஜூல் வெளியேற வேண்டும். பெரும்பங்கு காற்றுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் போய்விடும். மீதி ஃபிளாஞ்ச் (இணைப்பு விளிம்பு) வழியாக நடு ஹவுசிங்குக்குத் திரும்பி வரும். அணைத்த நிமிடத்தில் சாதுவாக இருந்த ஹவுசிங், நாலைந்து நிமிடம் கழித்துத்தான் உச்சச் சூட்டுக்குப் போகும். யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேடு நடப்பதால்தான் "தண்ணீர் இல்லாமலும் நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற நம்பிக்கை வருகிறது.

முதலில் அடிபடுவது டர்பைன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிஸ்டன் ரிங் சீல். சூட்டில் அது விறைப்பை இழக்கும், பள்ளத்தில் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும். நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வரும். அடுத்தது ஆயில். அசையாமல் நிற்கும் மெல்லிய படலம் 250 டிகிரிக்கு மேல் போனால் கரியாகத் தொடங்கும். சிந்தெடிக் ஆயில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். அந்தக் கரித்துகள் பந்தின் ஓடுபாதையில் உருண்டால் குழி விழும். புஷ் பேரிங் இந்தத் துகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், பால் பேரிங் பொறுக்காது. மூன்றாவது பேரிங் எஃகு. சாதாரண 52100 எஃகு 180 டிகிரியை ஒட்டி நீண்ட நேரம் நின்றாலே கடினத்தை இழக்கத் தொடங்கும். எம்50 போன்ற கருவி எஃகு 300 டிகிரி வரை நிற்கும். பந்து செராமிக்காக இருந்தாலும் ஓடுபாதை எஃகுதான் என்பதை மறக்க வேண்டாம். பந்துகளைப் பிடிக்கும் கூண்டு சில டர்போக்களில் பாலிமர், போர்க்வார்னர் இஎஃப்ஆர் போன்றவற்றில் உலோகம். உலோகக் கூண்டு இருந்தும் இஎஃப்ஆருக்குத் தண்ணீர் போர்ட் வைத்திருக்கிறார்கள்.

புஷ் பேரிங் போனால் ரிப்பேர் கிட் போட்டுச் சரிசெய்யலாம். பால் பேரிங்கில் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும், பெரும்பாலும் நடுப்பகுதி முழுவதையும்.

டைமர் கெடுதல் இல்லை. இரண்டு நிமிட ஐடிலில் மேனிஃபோல்டின் சூடு இறங்கும், அணைத்த பின் திரும்பி வருவதும் குறையும். ஆனால் ஐடிலில் வரும் புகையே சில நூறு டிகிரி இருக்கும், அதற்குக் கீழே மேனிஃபோல்ட் இறங்காது. தண்ணீரோடு சேர்ந்து டைமர் நல்லது. தண்ணீருக்குப் பதிலாக டைமர் போதாது.

கால்மைல்

முழுக்க ஒத்துக்கொள்ள முடியலைங்க. தண்ணீர் போர்ட்டே இல்லாத பால் பேரிங் டர்போ மார்க்கெட்ல தாராளமா கிடைக்குது. டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் போட்டி) வண்டிகள்ல பாதிப் பேர் ஆயில் மட்டும் வச்சுத்தான் ஓட்டறாங்க, 1000 குதிரைசக்திக்கு மேல. தண்ணீர் லைன் கூடுதல் எடை, கூடுதல் கசிவு. ஒரு பான்ஜோ (துளை போட்ட போல்ட்டால மாட்டற குழாய் இணைப்பு) வாஷர் போனா டிராக் முழுக்கக் கூலன்ட். கட்டாயம்னு சொல்றது அதிகப்படி.

நடுஹவுசிங்

நீங்கள் சொல்லும் டர்போக்கள் நிஜம்தான், அவை ஓடுவதும் நிஜம். ஆனால் போர்ட் இல்லாமல் வடிவமைத்த ஹவுசிங் வேறு, போர்ட் உள்ள ஹவுசிங்கை அடைப்பது வேறு.

ஆயிலுக்கு மட்டும் என்று வடிவமைக்கும்போது டர்பைன் பக்கத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே தூரம் விடுவார்கள், வெளியே காற்றுப் படும்படி ஹவுசிங்கைத் திறந்து வைப்பார்கள், உள்ளே ஆயில் தெறித்துச் சூட்டை எடுக்க வழி வைப்பார்கள், ஆயில் அளவையும் அதற்கேற்பச் சொல்வார்கள். உங்கள் ஹவுசிங்கில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது நடுவில் இருக்கும் தண்ணீர் அறை. அதைக் காலியாக விட்டால் அங்கே இருப்பது காற்று. அது சூட்டைக் கடத்தவும் கடத்தாது, எடுத்துச் செல்லவும் செல்லாது.

டிராக் வண்டி பத்து விநாடிக்குள் ஓடி முடிக்கிறது. மேனிஃபோல்ட் மெல்லிய ஸ்டீல் குழாய், வார்ப்பிரும்புக் கட்டி இல்லை. பலர் மெத்தனாலில் ஓட்டுகிறார்கள், அதில் புகையின் சூடே குறைவு. முடிந்ததும் இழுத்துக்கொண்டு போய்ப் பானெட்டைத் திறந்து விசிறி வைக்கிறார்கள். டர்போவைக் கழற்றிப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கும். அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு நேராக பார்க்கிங்கில் அணைக்கும் காருக்கு இது எதுவும் பொருந்தாது.

டீசலிலும் கணக்கு வேறு. புகை பெரும்பாலும் 750 டிகிரிக்குள் அடங்கிவிடுவதால் ஆயில் மட்டும் வைத்தே கோடிக்கணக்கான டீசல் டர்போக்கள் ஓடுகின்றன. அங்கே தண்ணீர் லைன் பார்த்தால் அது பேரிங்குக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஹோல்செட் விஜிடி-யில் (டர்பைனுக்குப் புகை வரும் வழியின் அளவை மாற்றும் டர்போ) எலெக்ட்ரானிக் ஆக்சுவேட்டரைக் குளிர்விக்கவும் தண்ணீர் போகிறது.

இரண்டுலிட்டர்_பெட்ரோல்

புரிந்தது, லைன் இழுக்கிறேன். இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் பம்பும் நின்றுவிடுமே, பிறகு தண்ணீர் எப்படி ஓடும்? எங்கிருந்து எடுத்து எங்கே திருப்ப வேண்டும்? எக்ஸ்பான்ஷன் டாங்க் டர்போவைவிட 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

குழாய்_வேலை

பம்ப் நின்னாலும் தண்ணீர் ஓடும், லைனைச் சரியாப் போட்டிருந்தா. ஹவுசிங்குக்குள்ள சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், கீழேயிருந்து குளிர்ந்தது உள்ளே வரும். தெர்மோ சைஃபன்னு சொல்றது இதைத்தான். உள்ள நிக்கற தண்ணீர் மட்டும்னா 100 மில்லிகூட இருக்காது. அது முழுசா ஆவியானாலும் 250 கிலோஜூலுக்குள்ளதான் எடுக்கும். அதனால உள்ளே தண்ணீர் இருந்தா மட்டும் போதாது, ஓடிக்கிட்டே இருக்கணும்.

ரெண்டு போர்ட்ல எது வேணும்னாலும் உள்வழியா இருக்கலாம். முக்கியம் உயரம். நடு ஹவுசிங்கைச் சுமார் 20 டிகிரி சாய்ச்சு வச்சா ஒரு போர்ட் தாழ்ந்து, இன்னொண்ணு உயரும். தாழ்ந்தது உள்வழி, உயர்ந்தது வெளிவழி. ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்தா சைஃபன் சோம்பலா ஓடும். ஆனா சாய்க்கும்போது ஆயில் டிரெயினையும் பாருங்க. டிரெயின் குழாய் நேர்செங்குத்துல இருந்து 35 டிகிரிக்கு மேல விலகக் கூடாது. விலகினா ஆயில் ஹவுசிங்குக்குள்ள தேங்கி, சீல் நல்லா இருந்தாலும் புகை விடும். சீல் போச்சுன்னு டர்போவைக் கழற்றி அனுப்பற பாதிக் கேஸ்ல குற்றவாளி இந்த டிரெயின்தான்.

உங்களுக்குப் பிளாக்கைப் பார்த்த போர்ட்தான் கஷ்டம்னா அதைத் தாழ்ந்த பக்கமா வச்சு உள்வழியாக்குங்க. பிளாக்ல இருந்து குட்டையா ஒரு லைன் போதும்.

தண்ணீர் எடுக்கிறது பம்புக்கு அப்புறம் பிரஷர் இருக்கிற இடத்துல. பிளாக் பக்கவாட்டுல இருக்கிற டிரெயின் பிளக் துளை இதுக்கு நல்ல இடம், தாழ்வாவும் இருக்கும். திருப்பி விடறது எக்ஸ்பான்ஷன் டாங்குக்கு, கூலன்ட் மட்டத்தை ஒட்டி. அந்த டாங்க் பிரஷர் மூடி போட்ட டாங்கா இருக்கணும். வழிஞ்சதைப் பிடிக்கிற பிளாஸ்டிக் டப்பாவை அதுன்னு நினைச்சு அதுல சொருகிடாதீங்க. 30 செ.மீ. உயரம் தாராளம்.

ஹீட்டர் லைன்ல தொடரா மாட்டறதுன்னா ஹீட்டர் வால்வு மூடினா தண்ணீர் நிக்குமான்னு முதல்ல பாருங்க. நிக்கும்னா அங்கே மாட்டவே கூடாது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது ஓட்டமே இல்லாத முனையும் அப்படித்தான். ரெண்டு டர்போ இருக்கிற இன்ஜின்ல ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தொடராப் போடாம, ரெண்டுக்கும் தனித்தனி லைன் இணையாப் போடணும்.

வெளிவழி லைன் டர்போல இருந்து டாங்க் வரைக்கும் ஏறிக்கிட்டே போகணும். நடுவுல மேலே ஏறி இறங்கற வளைவு ஒண்ணு இருந்தாலும் அங்கே நீராவி கட்டிக்கும், சைஃபன் அறுந்துடும். ஹோஸை கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டறப்போ இந்த வளைவு தானா வந்துடும். மாட்டி முடிச்சதும் பக்கத்துல குனிஞ்சு ஒரு தடவை கண்ணால அளந்துடுங்க.

போர்ட் திரெட் எம்14×1.5. ஆறாம் நம்பர் ஏஎன் லைன், அதாவது உள்விட்டம் எட்டரை, ஒன்பது மி.மீ., போதும். பான்ஜோ போட்டா ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர். பழைய வாஷரைத் திரும்பப் போடாதீங்க. தண்ணீருக்கு ஈபிடிஎம் ரப்பர் ஹோஸ் நல்லது. ஆனா அதையே ஆயிலுக்குப் போட்டா உப்பி அழுகிடும், ஆயில் லைனுக்கு டெஃப்லான் உள்குழாயும் ஸ்டீல் பின்னலும் உள்ளதுதான். மேனிஃபோல்ட் பக்கம் போற இடத்துல முதல் 15 செ.மீ. ஸ்டீல் குழாய், அதுக்கப்புறம் ரப்பர், மேலே ஹீட் ஸ்லீவ். தண்ணீர் லைன்ல ரெஸ்ட்ரிக்டர் எதுவும் வேண்டாம்.

கூலன்ட் பாதி எதிலீன் கிளைகால், பாதி கனிமம் நீக்கின தண்ணீர். 1 பார் மூடியோட இது கொதிக்க 125 டிகிரிக்கு மேல ஆகும். மூடி பிரஷர் பிடிக்காம இருந்தா 107லயே கொதிச்சு, ஹவுசிங்குக்குள்ள நீராவிப் பை விழும். டர்போ மாத்தறப்போ மூடியையும் சோதிச்சுடுங்க.

ஆயில் பக்கமும் உங்ககிட்ட ஒரு வேலை இருக்கு. 4.5 பார் இதுக்கு அதிகம். டர்போ வாசல்ல உச்ச ஆர்பிஎம்ல 2.8 முதல் 3.1 பார் இருந்தாப் போதும். 1 மி.மீ. துளை ரெஸ்ட்ரிக்டர் போடுங்க. அந்தத் துளைக்கு முன்னாடி எந்த ஜாயின்ட்லயும் டெஃப்லான் டேப்போ சிலிகான் பேஸ்ட்டோ வேண்டாம், ஒரு இழை உள்ளே போனாலும் துளை அடைஞ்சுடும். ஃபில்டர் 10 மைக்ரான்.

கால்மைல்

சரி, தெரு வண்டிக்கு ஒத்துக்கறேன். ஒரு வேளை அடைச்சுத்தான் ஆகணும்னா? ஏர் கூல்டு இன்ஜின்ல தண்ணீரே கிடையாதே.

நடுஹவுசிங்

ஏர் கூல்டு இன்ஜினுக்கு நேர் வழி, முதலிலேயே ஆயிலுக்கென்று வடிவமைத்த டர்போவைத் தேர்வதுதான். 1975இல் வந்த போர்ஷே 930 டர்போவில் தண்ணீரே இல்லை. அதில் இருந்தது புஷ் பேரிங், ஆயில் தாராளமாக ஓடும் டர்போ. போர்ட் உள்ள பால் பேரிங்தான் வேண்டும் என்றால் தனி லூப் அமைக்கலாம்: சிறிய பிரஷர் டாங்க், ஹீட்டர் கோர் அளவில் ஒரு ரேடியேட்டர், எலெக்ட்ரிக் பம்ப். பம்பை இக்னிஷனில் கோர்க்காமல் டைமர் ரிலேயில் கோருங்கள், அணைத்த பின் பத்து நிமிடம் ஓடட்டும். இந்தப் பம்ப் யோசனை தண்ணீர் உள்ள இன்ஜினுக்கும் பொருந்தும். லைனை ஏற்றமாக இழுக்கவே முடியாத இடத்தில் சைஃபனை நம்பாமல் பம்பை நம்பலாம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் அணைத்த பிறகும் முனகிக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட பம்ப்தான்.

அடைத்தே தீர வேண்டிய நிலை என்றால், ஏற்கனவே தண்ணீர் ஓடிய ஹவுசிங்காக இருந்தால் முதலில் முழுக்கக் காய வையுங்கள். காய்ந்த காற்றை அடைத்தால் 300 டிகிரியில்கூட உள்ளே 2 பார்தான் வரும், அது ஒன்றும் செய்யாது. கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தால் 200 டிகிரியில் நீராவி 15 பாருக்கு மேல், 250இல் 40 பாரை நெருங்கும். பிளக் பிய்த்துக்கொண்டு பறக்கும், பக்கத்தில் ஆள் இருந்தால் ஆபத்து. காற்றை ஊதி, அடுப்பில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கலாம், ஆனால் ரப்பர் ஓ-ரிங்கோ ஆக்சுவேட்டரோ மாட்டியிருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும். அடைத்த பிறகு டர்பைன் ஹவுசிங்குக்கு ஹீட் பிளாங்கெட் போடுவதில் கவனம் வேண்டும். பானெட் அடியில் சூட்டைக் குறைக்க அது நல்லதுதான், ஆனால் வெளியே போக வழியில்லாத சூடு நடு ஹவுசிங் பக்கம்தான் திரும்பும். தண்ணீர் இருந்தால் பிளாங்கெட் தாராளமாகப் போடலாம்.

இரண்டுலிட்டர்_பெட்ரோல்

மாட்டி முடித்த பிறகு சைஃபன் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழாய்_வேலை

நடு ஹவுசிங்ல டர்பைன் ஃபிளாஞ்சை ஒட்டி ஒரு இடத்துல ரூபாய் நாணயம் அளவுக்கு ஹீட் பெயின்ட், மங்கல் கறுப்பு, அடிச்சுக்குங்க. பளபளக்கிற உலோகத்துல இன்ஃப்ராரெட் மீட்டர் குறைச்சுக் காட்டும், கறுப்புப் பொட்டுல சரியாக் காட்டும். கே டைப் தெர்மோகப்பிள் இருந்தா அதை போல்ட் தலைக்கு அடியில இறுக்கறது இன்னும் நல்லது.

இருபது நிமிஷம் நல்ல லோடுல ஓட்டிட்டு, டைமர் இல்லாம அணைச்சு, ஒவ்வொரு நிமிஷமும் கால் மணி நேரம் வரைக்கும் குறிச்சுக்குங்க. சைஃபன் ஓடினா சூடு கொஞ்சம் ஏறி, கூலன்ட் கொதிநிலைக்குக் கொஞ்சம் மேலே நின்னு இறங்கும். 200 தாண்டி ஏறிக்கிட்டே போனா ஓட்டம் இல்லை. அதே நேரத்துல வெளிவழி ஹோஸைக் கையுறை போட்டுத் தொட்டுப் பாருங்க. டாங்க் வரைக்கும் ஒரே சீரா சுட்டா தண்ணீர் நகருது. டர்போ பக்கம் மட்டும் சுட்டு, நடுவுல திடீர்னு ஆறிப் போயிருந்தா அந்த இடத்துக்கு முன்னாடி வளைவுல காத்து கட்டியிருக்கு.

டாங்க்ல ஒரு நிமிஷத்துக்கு மேல கொதிக்கிற சத்தம் கேட்டாலும் அதே அர்த்தம்தான். சத்தம் கேக்குதேன்னு மூடியைத் திறக்கக் கூடாது, இன்ஜின் முழுசா ஆறணும். ஆறினதும் வண்டி முன்பக்கத்தைத் தூக்கி வச்சு, டர்போவோட மேல் போர்ட் பான்ஜோவைக் கால் சுற்று தளர்த்தி, குமிழி நின்னு கூலன்ட் மட்டும் வர வரைக்கும் விட்டு, புது வாஷரோட இறுக்குங்க. அப்புறம் மறுபடியும் அதே அளவெடுப்பு.

முதல் ரெண்டு மூணு தடவை நல்லாச் சூடாகி ஆறினப்புறம் எம்14 போல்ட் ரெண்டையும் ஆறின நிலையில ஒருமுறை டார்க் ரெஞ்சால சரிபாருங்க. செம்பு வாஷர் முதல் சூட்டுல அமுங்கும், கசிவு ஆரம்பிக்கிறது அப்போதான்.